நாளிதழில் செய்தி எவ்வளவு? ஸ்கேலை வைத்து அளக்கும் முறை

தலைப்புகளை எண்ணிப் பயனில்லை. இரண்டு வரித் துணுக்கும் அரைப்பக்கக் கட்டுரையும் எண்ணிக்கையில் ஒன்றாகிவிடும். இடத்தைத்தான் அளக்க வேண்டும்: செய்தியின் உயரத்தை (செ.மீ.) அது பிடித்திருக்கும் பத்திகளின் (column) எண்ணிக்கையால் பெருக்குங்கள். மூன்று பத்தி அகலத்தில் 20 செ.மீ. ஓடினால் 60. படத்தைத் தனியாகக் குறியுங்கள். சினிமாப் பக்கத்தின் பாதியைப் படமே அடைத்திருக்கும்.

ஒரே வாரத்து இதழ்களை எடுக்காதீர்கள். இந்த வாரத் திங்கள், அடுத்த வாரச் செவ்வாய் என்று ஏழு வாரங்களில் ஏழு இதழ்கள் போதும். தீபாவளியை ஒட்டிய வாரங்களைத் தவிருங்கள், ஜவுளி, நகை விளம்பரங்கள் கணக்கையே மாற்றிவிடும்.

விளம்பரம், பொழுதுபோக்கு, பொதுநலம் என மூன்றாகப் பிரியுங்கள். சிக்கல் தருவது குற்றச்செய்திதான். காவல்துறை, நீதிமன்றம், சட்டம் பற்றி ஏதாவது சொன்னால் பொதுநலம்; வெறும் கொலை வர்ணனை என்றால் பொழுதுபோக்கு. விதியை முதலிலேயே எழுதி, இருவர் தனித்தனியே பிரித்து ஒப்பிடுங்கள். இல்லையென்றால் நாளிதழ் மீதான நம் கோபமே கணக்கில் ஏறிவிடும்.

செய்தி வேடமிட்ட விளம்பரம்தான் மிகக் கெடுதலானது. எழுத்துரு சற்று மாறியிருக்கும், செய்தியாளர் பெயர் இருக்காது, ஒரே மருத்துவமனைக்கோ வேட்பாளருக்கோ புகழ்ச்சி மட்டும் இருக்கும். மூலையில் பொடி எழுத்தில் 'விளம்பரம்' என்று இருக்கிறதா பாருங்கள். அதே வாசகம் வேறு நாளிதழிலும் வந்திருந்தால் சந்தேகம் வலுக்கும்.

அப்படி அகப்பட்டால் முதலில் ஆசிரியருக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் அமைப்பான இந்தியப் பிரஸ் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். நாளிதழ் என்றால் வெளியான இரண்டு மாதத்துக்குள், பக்கத்தின் நகலோடு. கவுன்சிலால் கண்டிக்க முடியும், அபராதம் விதிக்க முடியாது.