டர்போ டீசலில் புதுச் சத்தம்: டர்போவை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

விசில் கேட்டதுமே டர்போ (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) போய்விட்டது என்று முடிவு கட்டுவதுதான் இந்த வேலையில் அதிகச் செலவு வைக்கும் தவறு. கிழிந்த ரப்பர் ஹோஸும் விசில் அடிக்கும், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்த் தொகுப்பு) கேஸ்கெட்டும் அடிக்கும். இங்கே சொல்வது காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும்) டீசல் காருக்கு. பெட்ரோல் டர்போவில் வேறுபடுவதைக் கடைசியில் பார்க்கலாம்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுமுன், எப்போது வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, சூடான பிறகா? ஐடிலிலா, ஏற்றத்திலா? ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதா, விடும்போதா? நின்ற இடத்தில் ரேஸ் செய்து பார்த்துவிட்டு "ஒன்றும் கேட்கவில்லையே" என்று வண்டியைத் திருப்பி அனுப்புவது வழக்கம். லோடு இல்லாதபோது டர்போ பெரிதாக பூஸ்ட் (காற்றழுத்தம்) கொடுக்காது, அதனால் காற்றுக் கசிவும் கேட்காது. ஆள் நடமாட்டமில்லாத, நீளமான மதில் ஓரமாக, கண்ணாடியை இறக்கி, மூன்றாவது கியரில் 1500 ஆர்பிஎம்மிலிருந்து முழுக்க மிதித்து 3000 வரை கொண்டுபோங்கள். எஞ்சின் சத்தம் மதிலில் பட்டுத் திரும்பி வந்து தெளிவாகக் கேட்கும்.

மிதிக்கும்போது மட்டும் "புஸ்ஸ்" என்று வந்து, பிக்கப் குறைந்து, கரும்புகையும் சேர்ந்தால் முதல் சந்தேகம் பூஸ்ட் கசிவுதான். ஸ்கேனரில் பூஸ்ட் குறைவு என்பதைக் காட்டும் பி0299 என்ற கோடு பெரும்பாலும் கூடவே இருக்கும். எஞ்சின் ஆறியபின் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்), அங்கிருந்து எஞ்சினுக்குள் காற்று நுழையும் இன்டேக்குக்கும் போகும் ஹோஸ்களை விரலால் தடவிப் பாருங்கள். உள்ளே மெல்லிய ஆயில் படலம் இருப்பது இயல்பு. வெளியே ஓரிடத்தில் மட்டும் ஆயில் கசிந்து, அதில் புழுதி அப்பி கருப்புத் திட்டாக இருந்தால் அங்கேதான் ஓட்டை. வளைவின் அடிப்பக்கத்தையும் கிளிப் கடிக்கும் இடத்தையும் விட்டுவிடாதீர்கள். அழுத்தம் ஏறினால் மட்டுமே வாய் திறக்கும் விரிசல் சும்மா பார்த்தால் தெரியாது, ஹோஸை மடக்கிப் பார்க்க வேண்டும்.

கண்ணுக்குச் சிக்காவிட்டால் டர்போவின் காற்று நுழையும் வாயை டியூப் வால்வு பொருத்திய மூடியால் அடைத்து, 0.7 முதல் 1 பார் வரை காற்று ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவுங்கள். நுரை வருமிடம் கசிவு. மூடியை பிரீதர் குழாய் (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் குழாய்) சேரும் இடத்துக்கு முன்னால் போட்டுவிட்டால் காற்று எஞ்சினுக்குள் இறங்கி ஆயில் சீல்களைத் தள்ளிவிடும். அதனால் மூடி டர்போ வாயிலேயே இருக்கட்டும்.

பூஸ்டோடு சேர்ந்து ஏறி இறங்கும் சைரன் போன்ற ஊளை வந்தால்தான் டர்போவையே சந்தேகப்பட வேண்டும். எஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, இன்டேக் ஹோஸைக் கழற்றுங்கள். உள்ளே தெரியும் இறக்கைச் சக்கரத்தின் நடுவிலுள்ள நட்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினால் பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும். பேரிங் ஆயில் படலத்தில் மிதப்பது என்பதால் அந்த ஆட்டத்தைக் கண்டு பயப்படத் தேவையில்லை. முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளும்போது கைக்கு அசைவு தெரிந்தால் அது தேய்மானம். பக்கவாட்டில் அழுத்திக்கொண்டே சுற்றுங்கள்: இறக்கை டர்போ கூட்டின் உட்சுவரை உரசக் கூடாது. இறக்கை நுனி மழுங்கியிருந்தால் ஏர் ஃபில்டர் சரியாக உட்காராமல் மண் உறிஞ்சியிருக்கிறது. இறக்கையைத் தாங்கும் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுவது, சின்னச் சிதைவும் பேலன்ஸைக் கெடுத்துவிடும்.

டர்போ உண்மையிலேயே போயிருந்தால், ஏன் போனது என்று கண்டுபிடிக்காமல் புதியதை மாட்டாதீர்கள். ஆயில் வரும் குழாயில் கார்பன் அடைத்திருந்தால் புதியதும் சீக்கிரமே போகும். அந்தக் குழாய், ஆயில், ஃபில்டர் மூன்றையும் மாற்றி, இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலை வடித்துவிடுங்கள். டர்போவின் ஆயில் துளையில் புது ஆயில் ஊற்றிவிட்டு, எஞ்சின் பற்றாதபடி இன்ஜெக்டர்களின் (டீசலைப் பீச்சும் முனைகள்) மின் இணைப்புகளைக் கழற்றி, 10 விநாடி கிராங்க் செய்யுங்கள் (ஸ்டார்ட்டரால் சுழற்றுங்கள்). இணைப்புகளை மாட்டி ஸ்டார்ட் செய்த பிறகு சில நிமிடம் ஐடிலிலேயே விடுங்கள்.

குளிர்ந்த எஞ்சினில் டிக் டிக் என்று வந்து சூடானதும் குறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பாருங்கள். உலோகம் விரிந்து இடைவெளியை அடைப்பதால்தான் குறைகிறது. கேஸ்கெட் ஓரத்தில் கரிக்கோடு இருக்கும், ஸ்டட் ஒன்று ஒடிந்திருக்கலாம். சக் சக் என்ற சத்தத்தோடு கேபினில் புகை நாற்றமும் வந்தால் இன்ஜெக்டர் அடியிலுள்ள செம்பு வாஷர். அடிப்பகுதியைச் சுற்றி இரண்டு சொட்டு ஆயில் விட்டு ஐடிலில் பாருங்கள், கசிவு இருந்தால் குமிழ் விடும். ஓடும் எஞ்சினில் டீசல் குழாய் நட்டைத் தளர்த்தவே கூடாது. ரெயிலில் ஆயிரம் பாரைத் தாண்டும் அழுத்தம் இருக்கும், அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

ஸ்விஃப்ட், விஸ்டா, லினியா போன்றவற்றில் வந்த 1248 சிசி டீசலில் டைமிங் செயின் உண்டு. காலை ஸ்டார்ட்டில் கடகடவென்று இரண்டு மூன்று விநாடி அடித்து நிற்பது செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரில் ஆயில் ஏறும் வரை வரும் சத்தம். நாளுக்கு நாள் அது நீண்டால் செயினைத் திறந்து பார்க்கும் நேரம் வந்துவிட்டது. ஐடிலில் வரும் கடகட கிளட்ச் மிதித்ததும் மாறினால் ஃப்ளைவீல், கிளட்ச் பக்கம் போங்கள். கீச்சிடும் பெல்ட்டில் சில துளி தண்ணீர் தெளித்துச் சத்தம் மாறினால் பெல்ட் அல்லது புல்லி.

இடம் பிரித்தறிய நீள ஸ்க்ரூடிரைவர் போதும். நுனியைப் பாகத்தில் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்கு முன்னுள்ள எலும்பில் வையுங்கள். காற்றுக் கசிவைக் காதில் வைத்துக் கேட்க ஒரு முழ ரப்பர் குழாய் நல்லது. தளர்ந்த சட்டைக்கையும் துப்பட்டாவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் தானாகவே கிளம்பும்.

பெட்ரோல் டர்போவில் ஆக்சிலரேட்டரை விட்டதும் புறா சிறகடிப்பது போலப் படபடத்தால் மிஞ்சிய பூஸ்டைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வின் டயஃப்ரம் (சவ்வு) கிழிந்திருக்கலாம். மெல்ல மிதிக்கும்போது மட்டும் தகரம் ஆடுவது போல வந்தால் வேஸ்ட்கேட் (டர்போவுக்குப் போகும் எக்ஸாஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் கதவு) கம்பியின் ஆட்டம். உயர் கியரில் மெதுவாகப் போகும்போது ஓங்கி மிதித்து டங் என்று அடித்தால் மிதிப்பதை விட்டு, கியரைக் குறையுங்கள். நேரடி இன்ஜெக்ஷன் எஞ்சினில் அந்த அடி பிஸ்டனையே உடைக்கும். ஏபிஐ எஸ்பி என்ற தரக் குறியீடு உள்ள ஆயில் இந்த அடியைத் தடுப்பதற்காகவும்தான்.

இரண்டு நிலைகளில் சோதனையே வேண்டாம். அடியிலிருந்து கனமாக டொக் டொக் என்று வந்து, லோடு ஏற ஏற வலுத்தால் அது கனெக்டிங் ராடு பேரிங். உடனே நிறுத்தி வண்டியைக் கட்டி இழுத்துப் போங்கள். டீசலில் திடீரென வெண்நீலப் புகையோடு எஞ்சின் தானாக வேகமெடுத்து, சாவியை அணைத்தும் நிற்காவிட்டால் அது டர்போ கசியவிட்ட ஆயிலைக் குடித்து ஓடுகிறது. மேனுவல் வண்டியில் பிரேக்கை அழுத்தி மிதித்து, ஐந்தாவது கியரில் போட்டு, கிளட்சைச் சட்டென விட்டு நிறுத்துங்கள். இன்டேக் வாயை அடைக்க வெறும் கையைக் கொண்டுபோகாதீர்கள்.