பழைய காருக்குப் புதுக் கூலன்ட்: என் அனுபவம்

வண்டி சூடாகவில்லை, ஒழுகவும் இல்லை. ஆனால் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், பச்சையாக இருக்க வேண்டிய கூலன்ட் (எஞ்சினைக் குளிரவைக்கும் திரவம்) செங்கல் நிறத்தில் கிடந்தது. மூடியின் உட்புறத்தைத் தடவினால் விரலில் பிசுபிசுவென்று துருச்சேறு. துருவைத் தடுக்கும் ரசாயனம் தீர்ந்துபோனதன் அடையாளம் அது. இந்த நிலையில் மேலாக ஊற்றி நிரப்பிப் பயனில்லை, மொத்தமாக மாற்றத்தான் வேண்டும்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே அடியிலுள்ள வடிகால் திருகைக் கழற்றினேன். சூட்டில் மூடியைத் தொடவே கூடாது, அழுத்தத்தில் இருக்கும் வெந்நீர் முகத்தில் பீறிடும். பழையதை வாளியில் பிடித்து உடனே மூடிவைத்தேன். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயோ பூனையோ நக்கினால் உயிரே போய்விடும்.

பிறகு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து நீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறந்து மேல் ஹோஸ் சுடும்வரை எஞ்சினை ஓடவிட்டு, ஆறவைத்து வடித்தேன். தெளிவாக வரும்வரை இதே வேலைதான்.

பலர் கோட்டைவிடும் இடம் இனிமேல்தான். வடித்த பிறகும் எஞ்சின் பிளாக்கில் கணிசமான தண்ணீர் தங்கிவிடும். அதன்மேல் கூலன்ட்டும் தண்ணீரும் சரிபாதியான 50:50 கலவையை ஊற்றினால் நீர்த்துப்போகும். ஆகவே மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர் என்றால், முதலில் 3 லிட்டர் கலக்காத கூலன்ட், மீதி இடத்துக்குத்தான் தண்ணீர். வகையைக் கையேட்டைப் பார்த்து வாங்குங்கள், நிறத்தை நம்பாதீர்கள்.

கடைசியாக, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். ஆறிய எஞ்சினை மூடியில்லாமல் கிளப்பி, ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டதும் குமிழ்கள் வந்தன. மறுநாள் ரிசர்வாயரில் (கூலன்ட்டின் உபரித் தொட்டி) அளவு சற்று இறங்கியிருந்தது, ஊற்றிச் சரிசெய்தேன்.