கேம் ஜாமில் பின்னூட்டம் எழுதுவதும் பெறுவதும்: புதியவர்களுக்கான செய்முறை

குறித்த கால வரம்புக்குள், பெரும்பாலும் ஒரு கருப்பொருளை ஒட்டி, விளையாடக்கூடிய ஒரு விளையாட்டை உருவாக்கி முடிக்கும் நிகழ்வே கேம் ஜாம். 2002-இல் தொடங்கிய லூடம் டேர், 2009 முதல் ஆண்டுதோறும் நடக்கும் குளோபல் கேம் ஜாம் ஆகியவை இவற்றுள் பெயர் பெற்றவை. குளோபல் கேம் ஜாம் போட்டியாக நடத்தப்படுவதில்லை. ஆனால் மதிப்பெண் தரும் ஜாம்கள் பலவற்றில், உங்கள் விளையாட்டை மதிப்பிடுபவர்கள் அதே ஜாமில் பங்கேற்ற மற்ற உருவாக்குநர்கள்தான். எனவே பின்னூட்டம் எழுதுவதையும் ஜாம் வேலையின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும்.

இந்த விளக்கம் முழுவதும் ஒரே எண்ணத்தின் மேல் நிற்கிறது: விளையாடியவர் தரும் தீர்ப்பைவிட, விளையாடும்போது நடந்தது என்ன என்று அவர் தரும் விவரமே உருவாக்குநருக்குப் பயன்படும்.

படி 1: சமர்ப்பிக்கும் முன் ஒருவரையாவது விளையாட வையுங்கள்

48 மணி நேர ஜாம் என்றால், பாதி நேரம் முடிவதற்குள் ஓடக்கூடிய ஒரு வடிவம் கையில் இருக்க வேண்டும். படங்களும் இசையும் அதற்குள் தயாராகியிருக்க வேண்டியதில்லை. சதுரங்களும் வட்டங்களும் போதும். அதை இதுவரை பார்க்காத ஒருவரிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருங்கள். கேட்பதற்கு எளிதாக இருந்தாலும் செய்வதற்கு மிகக் கடினமான வேலை இது. "அந்தக் கதவைத் திறங்கள்" என்று சொல்லிவிட நாக்கு துடிக்கும். நாளை உங்கள் விளையாட்டைத் திறக்கும் முன்பின் தெரியாத ஒருவருக்கு அருகில் நீங்கள் இருக்கப்போவதில்லை என்பதால், இன்றும் இல்லாதவர் போலவே இருக்க வேண்டும். ஆள் தொலைவில் இருந்தால், திரையைப் பகிர்ந்துகொண்டு மனத்தில் தோன்றுவதை உரக்கச் சொல்லியபடியே விளையாடுமாறு கேட்கலாம்.

அவர் எங்கே தயங்குகிறார், எந்த விசையை முதலில் அழுத்துகிறார், எந்த எழுத்தைப் படிக்காமல் கடந்து செல்கிறார் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்த பிறகு "பிடித்திருந்ததா?" என்று கேட்பதில் பயனில்லை, முகத்துக்கு நேராக "பிடிக்கவில்லை" என்று யாரும் சொல்லமாட்டார்கள். "இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று நினைத்தீர்கள்?" என்று கேளுங்கள். கடினத்தன்மையைப் பொறுத்தவரை உங்கள் சொந்தக் கணிப்பை நம்பவே வேண்டாம். உங்கள் விளையாட்டில் உலகிலேயே அதிகப் பயிற்சி உள்ளவர் நீங்கள்தான். உங்களுக்குச் சற்று எளிதாகத் தோன்றும் கட்டம்தான் புதியவருக்கு ஏறக்குறைய சரியாக இருக்கும்.

படி 2: பின்னூட்டம் வருவதற்கான வழியைத் திறந்து வையுங்கள்

விளையாடாதவரிடமிருந்து பின்னூட்டம் வராது. பதிவிறக்கம் செய்யவேண்டிய கோப்பைவிட, உலாவியிலேயே ஓடும் வடிவத்தை அதிகம் பேர் திறந்து பார்ப்பார்கள். அறிமுகமில்லாத நிரலை இயக்கும்போது விண்டோஸ் காட்டும் எச்சரிக்கையைப் பார்த்ததும் பின்வாங்குபவர்கள் உண்டு. உலாவி வடிவத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. பயனர் ஒருமுறை சொடுக்கும் வரை பெரும்பாலான உலாவிகள் ஒலியை இயக்க விடுவதில்லை என்பதால், "தொடங்கு" என்ற பொத்தானுடன் ஒரு முகப்புத் திரை வைப்பது நல்லது. அம்பு விசைகளும் ஸ்பேஸ் விசையும் பக்கத்தையே மேலும் கீழும் நகர்த்திவிடக்கூடும். அதையும் சோதித்துப் பாருங்கள்.

கட்டுப்பாட்டு விசைகள், விளையாடி முடிக்க ஆகும் நேரம், ஏற்கெனவே நீங்கள் அறிந்த பிழைகள் ஆகியவற்றை விளையாட்டின் பக்கத்தில் எழுதிவிடுங்கள். அத்துடன் உங்களுக்கு உண்மையாகவே விடை வேண்டிய ஓரிரு கேள்விகளையும் சேர்த்துவிடுங்கள். "எப்படி இருக்கிறது?" என்ற கேள்விக்கு "நன்றாக இருக்கிறது" என்பதே விடையாக வரும். "மூன்றாம் அறையில் விளக்கை அணைக்கலாம் என்பது உங்களுக்கு எப்போது புரிந்தது?" என்று கேட்டால் கிடைக்கும் விடை வேறு.

படி 3: பிறர் விளையாட்டை அதன் வரம்புக்குள் வைத்து விளையாடுங்கள்

ஒரே ஜாமிலும் விதிகள் வேறுபடும். லூடம் டேரில் காம்போ என்ற பிரிவு, ஒருவரே 48 மணி நேரத்தில் படம், ஒலி, நிரல் அனைத்தையும் செய்து முடிக்க வேண்டிய பிரிவு. ஜாம் என்ற பிரிவில் குழுவாகவும் சேரலாம், 72 மணி நேரமும் உண்டு. தனி ஆள் செய்ததைக் குழு செய்ததுடன் ஒப்பிட்டு எழுதுவதும், இரண்டையுமே கடையில் விற்கும் விளையாட்டுடன் ஒப்பிட்டு எழுதுவதும் நியாயமாகா. விளையாடத் தொடங்கும்போதே ஒரு குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முடித்த பின் நினைவிலிருந்து எழுதினால் மனநிலை மட்டுமே மிஞ்சும், இடமும் நிகழ்வும் மறந்துபோகும். எல்லோரும் கூடியிருக்கும் விளையாட்டுகளைவிட, மதிப்பீடு குறைவாகப் பெற்றவற்றைத் தேடிப் பாருங்கள். அங்கேதான் உங்கள் ஒரு குறிப்புக்கு எடை அதிகம்.

படி 4: செய்தது, நடந்தது, உணர்ந்தது என்ற வரிசையில் எழுதுங்கள்

"குதிப்பு சரியில்லை" என்பது ஒரு தீர்ப்பு. அதைப் படிக்கும் உருவாக்குநர் குதிக்கும் உயரத்தை மாற்றுவதா, வேகத்தை மாற்றுவதா, விசையை மாற்றுவதா என்று தெரியாமல் விழிப்பார். அதே அனுபவத்தை இப்படி எழுதிப் பாருங்கள்: "இரண்டாம் அறையில் மேடையின் விளிம்பு வரை ஓடிக் குதிக்க முயன்றேன். பலமுறை, நான் விசையை அழுத்தியும் உருவம் குதிக்காமல் நேராகக் கீழே விழுந்தது. விசை வேலை செய்யவில்லை என்றே நினைத்தேன். அதனால் எரிச்சலும் வந்தது."

இதைப் படிக்கும் அனுபவசாலிக்கு உடனே காரணம் தெரிந்துவிடும். விளையாடுபவரின் விரல் விசையைத் தொடும்போது உருவம் விளிம்பைத் தாண்டி ஓரிரு ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரையப்படும் தனித்தனிப் படம்) ஆகியிருக்கிறது. தரையில் நின்றால்தான் குதிக்கலாம் என்று நிரல் கறாராக இருக்கிறது. விளிம்பைத் தாண்டிய பின்னும் சிறிது நேரம் குதிப்பை ஏற்கும் வசதியை கயோட்டி டைம் என்பார்கள். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் விளையாட்டில் ஆறு ஃபிரேம் சலுகை என்பது நொடியில் பத்தில் ஒரு பங்குதான், ஆனால் அந்த அறையின் எரிச்சலைத் தீர்க்க அது போதுமானதாக இருக்கலாம். பின்னூட்டம் எழுதியவருக்கு இந்தச் சொல் தெரிந்திருக்க வேண்டிய தேவையே இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர் நடந்ததைச் சொன்னார். காரணத்தைக் கண்டுபிடிப்பது அதை உருவாக்கியவரின் வேலை.

பிழையைப் பற்றி எழுதும்போது உலாவி, இயங்குதளம், திரையின் புதுப்பிப்பு வீதம் (நொடிக்கு எத்தனை முறை படம் மாறுகிறது என்ற அளவு, ஹெர்ட்ஸில்) ஆகியவற்றையும் குறிப்பிடுங்கள். "எல்லாம் மிக வேகமாக ஓடுகிறது" என்ற வரியுடன் "என் திரை 144 ஹெர்ட்ஸ்" என்ற வரியும் சேர்ந்திருந்தால், கழிந்த நேரத்தைக் கணக்கில் எடுக்காமல் ஃபிரேமுக்கு இவ்வளவு என்று நகர்வை எழுதிவிட்டோம் என்பதை உருவாக்குநர் ஊகித்துவிடுவார். 60 ஹெர்ட்ஸ் திரையில் சோதித்த விளையாட்டு அங்கே 2.4 மடங்கு வேகத்தில் ஓடியிருக்கும். சிவப்பும் பச்சையும் வேறுபடுத்த முடியாமல் ஒரு புதிரில் மாட்டிக்கொண்டீர்கள் என்றால் அதையும் தயங்காமல் எழுதுங்கள். நிறம் பிரித்தறிவதில் சிக்கல் இல்லாத உருவாக்குநரின் கண்ணுக்கு அது தானாகத் தெரியாது.

பாராட்டுக்கும் இதே விதிதான். "அருமை" என்பது மகிழ்ச்சி தரும், வேறெதையும் தராது. "மணி ஒலித்ததும் எதிரிகள் உறைந்து நின்றார்கள், அதை வைத்துப் பாலம் கடக்கலாம் என்று நானே கண்டுபிடித்தபோது மிகவும் மகிழ்ந்தேன்" என்று எழுதினால், எதைத் தொடக்கூடாது என்பது உருவாக்குநருக்குத் தெரிகிறது. 2015-இல் சிறு விளையாட்டுகளை உருவாக்க உதவும் பிக்கோ-8 கருவியில் நான்கு நாள்களில் உருவான செலஸ்ட் 2018-இல் முழு விளையாட்டாக வெளிவந்தது. 2017-ஆம் ஆண்டின் நோர்டிக் கேம் ஜாமில் பிறந்த பாபா இஸ் யூ 2019-இல் வெளிவந்தது. உங்கள் முன் இருக்கும் சிறு விளையாட்டும் அவ்வாறு வளரப்போகிறது என்றால், எந்தப் பகுதியைச் சுற்றி வளர்க்கலாம் என்பதற்குத் துல்லியமான பாராட்டே சான்றாகும்.

யோசனை சொல்லியே ஆகவேண்டும் என்றால் கடைசியில் ஒரு வரியில் சொல்லுங்கள். இணையவழியே பலர் சேர்ந்து ஆடும் வசதி சேர்க்கலாம், இன்னும் இருபது கட்டங்கள் வைக்கலாம் என்பவை யோசனைகள் அல்ல. நேரம் இருந்தால் அதையெல்லாம் செய்யலாம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

படி 5: மதிப்பெண் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

லூடம் டேரில் ஒட்டுமொத்தம், சுவாரசியம், புதுமை, கருப்பொருள், வரைகலை, ஒலி, நகைச்சுவை, மனநிலை எனப் பிரிவுகள் பிரித்து மதிப்பிடுவது வழக்கம்; இருபது மதிப்பீடுகளாவது பெறாத விளையாட்டுக்குத் தரவரிசை கிடைக்காது. விளையாட்டுகளை வெளியிடவும் ஜாம்களை நடத்தவும் பயன்படும் இட்ச்.ஐஓ தளத்தின் முறை வேறு. ஜாமில் உள்ள விளையாட்டுகள் பெற்ற மதிப்பீட்டு எண்ணிக்கையின் இடைநிலை அளவைவிட (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) உங்களுக்குக் குறைவாக வந்திருந்தால், உங்கள் எண்ணிக்கையை இடைநிலையால் வகுத்து வரும் விகிதத்தின் வர்க்கமூலத்தால் உங்கள் சராசரி பெருக்கப்படும். இடைநிலை 20, உங்களுக்கு வந்தது 5 என்றால் விகிதம் கால். அதன் வர்க்கமூலம் அரை. நீங்கள் பெற்ற 4 மதிப்பெண் 2 ஆகிவிடும். ஆகவே பட்டியலில் கீழே இருப்பதாலேயே விளையாட்டு மோசம் என்று முடிவு கட்டாதீர்கள். பிறர் விளையாட்டுக்கு அக்கறையுடன் எழுதினால் அவர்களில் பலர் உங்கள் பக்கத்துக்கும் வருவார்கள். எண்ணிக்கையை உயர்த்த நேர்மையான வழி இதுதான். "நீ எனக்கு ஐந்து, நான் உனக்கு ஐந்து" என்ற பண்டமாற்றில் இறங்குபவர்களுக்கு எந்தக் குறிப்பும் மிஞ்சுவதில்லை.

படி 6: பெற்றதைப் பிரித்துப் படியுங்கள்

முதல் வாசிப்பில் பதில் எழுத வேண்டாம். தூக்கம் கெட்டு முடித்த வேலையைப் பற்றி ஒருவர் குறை சொல்லும்போது, விளக்கம் கொடுக்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் "அது அப்படியல்ல, நீங்கள் குறிப்பைப் படிக்கவில்லை" என்ற பதில், குறிப்பு கண்ணில் படவில்லை என்ற உண்மையை மறைத்துவிடுகிறது. நன்றி சொல்லுங்கள், தெளிவில்லாத இடத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், அத்துடன் நிறுத்துங்கள்.

பிறகு ஓர் அட்டவணை போடுங்கள்: எந்த இடம், என்ன நடந்தது, எத்தனை பேர் சொன்னார்கள், என்ன தீர்வு சொன்னார்கள். தீர்வுகள் உள்ள கடைசி நெடுவரிசையை மற்றவற்றிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். "உயிர்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்" என்று மூவர் கேட்டால், உண்மையான சிக்கல் செக்பாயிண்ட் (உயிர் போனால் மீண்டும் தொடங்கும் இடம்) வெகு தொலைவில் இருப்பதாக இருக்கலாம். உயிர்களைக் கூட்டினால் அதே நீண்ட பாதையை அவர்கள் இன்னும் பலமுறை நடப்பார்கள். ஒருவர் எளிது என்றும் மற்றவர் கடினம் என்றும் எழுதியிருந்தால் இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். ஒருவர் கடைசி வரை போனவராகவும், மற்றவர் முதல் அறையிலேயே விட்டுவிட்டவராகவும் இருக்கக்கூடும். அப்போது இருவர் சொல்வதும் சரியே, விளையாட்டு தன் விதிகளைச் சொல்லித்தரும் வரிசையில்தான் தவறு இருக்கிறது. உங்கள் நோக்கத்துக்கே எதிரான யோசனைகளை மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. இழிவாக எழுதுபவர்களுடன் வாதிட வேண்டாம். நடத்துபவர்களிடம் தெரிவித்துவிட்டு நகருங்கள்.

படி 7: திருத்துங்கள், ஆனால் விதிக்குள்

மதிப்பீட்டுக் காலத்தில் எதை மாற்றலாம் என்பது ஜாமுக்கு ஜாம் வேறுபடும். விளையாட்டை முடங்கச் செய்யும் பிழைகளைச் சரிசெய்ய அனுமதித்து, புதிய உள்ளடக்கத்தைத் தடுப்பது பொதுவான அணுகுமுறை. சில ஜாம்களில் கோப்பை மாற்றவே இயலாது. மற்ற மாற்றங்களை ஜாமுக்குப் பிந்தைய வடிவம் என்று தனியாக வெளியிடுங்கள். விளையாடுபவரைத் தடுத்து நிறுத்தும் பிழைகளை முதலில் எடுங்கள், அவரைத் தவறான பக்கம் அனுப்பும் குழப்பங்கள் அடுத்து, ஆசைகள் கடைசியில். ஒவ்வொரு திருத்தத்துக்கும் எதிரே அதைச் சுட்டிக்காட்டியவரின் குறிப்பைச் சேர்த்து வைத்தால், புதிய வடிவம் வெளிவந்ததும் அவரிடமே சென்று, முழு விளையாட்டையும் மறுபடி ஆடச் சொல்லாமல், அவர் விழுந்த அந்த ஓர் அறையை மட்டும் இன்னொரு முறை ஆடிப் பார்க்குமாறு கேட்கலாம்.