இத்தாலி மலைக்கிராமத்தில் ஓர் இரவு: சாந்தோ ஸ்டெஃபனோவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

இத்தாலி என்றால் ரோம், வெனிஸ், பைசா கோபுரம் என்று ஓடி ஓடிப் பார்த்துவிட்டு விமானம் ஏறுகிறவர்கள்தான் அதிகம். அந்தப் பயணத்தில் இரண்டே நாள் மிச்சம் பிடித்து, அப்ருட்ஸோ மலைகளில் இருக்கும் சாந்தோ ஸ்டெஃபனோ தி செஸ்ஸானியோவுக்குப் போய் வாருங்கள். 1,250 மீட்டர் உயரம், கிரான் சாஸோ தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் கல் ஊர். நிரந்தரமாக வாழ்கிறவர்கள் ஏறக்குறைய நூறு பேர்தான்.

படி 1: தங்குவதென்று முடிவு செய்யுங்கள்

முதல்முறை காலையில் போய் மாலையிலேயே கிளம்பிவிட்டேன். ஊரைச் சுற்ற அரை மணி நேரம் போதும் என்பதால் எல்லாம் பார்த்தாயிற்று என்று நினைத்தேன். அடுத்த முறை தங்கியபோதுதான் ஊர் பிடிபட்டது. பகலில் வந்த கார்கள் இறங்கிப் போனபின், சந்துகளில் உங்கள் காலடிச் சத்தமும் விறகுப் புகை வாசனையும்தான் மிச்சம்.

தங்க 'அல்பெர்கோ டிஃபுஸோ' என்ற ஏற்பாடு உண்டு. ஒரே கட்டடமாக இல்லாமல், பழைய வீடுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அறைகள். சில அறைகளில் அடுப்புப் புகையில் கறுத்த சுவரை வெள்ளையடிக்காமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். அறைகள் கொஞ்சம்தான், முன்பதிவு அவசியம்.

படி 2: மாதம்

மே, ஜூன், செப்டம்பர் நல்லது. ஆகஸ்டில் கூட்டம். எப்போது போனாலும் ஸ்வெட்டர் வேண்டும், இரவில் குளிரும். பனிக்காலத்தில் மலைப்பாதையில் கார் ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் போக வேண்டாம்.

படி 3: காகிதங்கள்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் எடுக்க வேண்டும். கார் ஓட்டப் போகிறீர்கள் என்றால், உங்கள் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் ஊரிலிருந்தே வாங்கி வந்துவிடுங்கள்.

படி 4: போய்ச் சேருவது

ரோமிலிருந்து சுமார் 150 கி.மீ., காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஏ24 நெடுஞ்சாலையில் 'லாக்விலா எஸ்ட்' வெளிவழியில் இறங்கி, பாரிஷானோ வரை வந்து மலை ஏற வேண்டும். ரோம் திபுர்த்தினா நிலையத்திலிருந்து லாக்விலா நகருக்குப் பஸ் உண்டு. அதற்கு மேல் பஸ்ஸை நம்ப முடியாது, கார்தான் வசதி. வாடகைக்கு எடுக்கும்போதே ஆட்டோமேட்டிக் வேண்டும் என்று கேளுங்கள், இல்லையென்றால் கியர் வண்டிதான் கிடைக்கும். அப்புறம், கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: ஊருக்குள் எதைப் பார்ப்பது

காரை வெளியே விட்டுவிட்டு நடங்கள். தனியாக மதில் கிடையாது. ஓரத்து வீடுகளே நெருக்கமாக ஒட்டி நின்று மதிலாகியிருக்கின்றன. நுழைவாயிலுக்கு மேலே பாருங்கள், ஃபிளாரன்ஸின் மெடிச்சி குடும்பச் சின்னம் இருக்கும். அத்தனை பெரிய பணக்காரக் குடும்பத்துக்கு இந்தச் சின்ன மலையூரில் என்ன வேலை? ஆட்டு ரோமம்தான். 1579இல் வாங்கிய ஊரை 1743 வரை வைத்திருந்தார்கள். இங்கே கிடைத்த முரட்டுக் கம்பளி ஃபிளாரன்ஸ் வரை போனது. குளிர்காலம் வந்ததும் இடையர்கள் மந்தையோடு லாக்விலாவிலிருந்து தெற்கே இருக்கும் ஃபோஜ்ஜா சமவெளி வரை 240 கி.மீ.க்கு மேல் நடந்தார்கள். மந்தைகள் குறையக் குறைய ஊரும் காலியானது. புதுக் கட்டடம் கட்ட ஆளில்லாததால்தான் பழைய ஊர் அப்படியே நிற்கிறது.

நடுவே நிற்கும் வட்டக் கோபுரம் 2009 ஏப்ரல் 6 அதிகாலை நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்தது. இப்போது திரும்பக் கட்டியிருக்கிறார்கள். கிட்டே போய்க் கல்லைத் தொட்டுப் பாருங்கள்.

படி 6: சாப்பாடு

இந்த ஊர்ப் பருப்பைச் சாப்பிடாமல் வராதீர்கள். நம் மைசூர்ப் பருப்பின் இனமேதான், தோல் நீக்காதது, ஆனால் மிளகைவிடச் சிறியது. 1,000 மீட்டருக்கு மேலே விளைகிறது. தோல் மெல்லிசு என்பதால் ஊறவைக்கவே வேண்டாம். பூண்டு, பிரிஞ்சி இலை, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான் சேர்மானம். வெந்தும் குழையாமல் ஒவ்வொன்றும் தனித்தனியாக நாக்கில் உருளும். மேலே வறுத்த ரொட்டித் துண்டு. சைவர்கள் 'சென்சா கார்னே' என்று சொல்லிவிடுங்கள், இறைச்சி சேர்க்காமல் தருவார்கள். அசைவர்களுக்கு 'அரோஸ்திச்சீனி', குச்சியில் குத்திச் சுட்ட ஆட்டுக்கறி.

படி 7: மறுநாள் காலை நடை

ரோக்கா கலாஷியோ கோட்டைக்கு மலைப்பாதையில் நடந்தே போகலாம். நிதானமாகப் போனால் ஒன்றரை மணி நேரம். 1,460 மீட்டரில், மொட்டை முகட்டின்மேல் கோட்டை நிற்கிறது. பக்கத்திலேயே எட்டு மூலைகள் கொண்ட சிறு தேவாலயம். பாதையில் நிழலே இல்லை, தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வழியில் மந்தையைக் கண்டால் பெரிய வெள்ளை நாய்களும் இருக்கும். ஓநாய்களிடமிருந்து ஆட்டைக் காப்பதுதான் அவற்றின் வேலை. தடவிக் கொடுக்கப் போகாதீர்கள், ஓடவும் வேண்டாம். மந்தையின் குறுக்கே போகாமல், நன்றாக விலகி, மெதுவாகச் சுற்றி நடங்கள். கொஞ்ச தூரம் உங்களைக் கவனித்துக்கொண்டே வரும், அப்புறம் தானாக ஆடுகளிடம் திரும்பிவிடும்.