ரீஷேட்ல கலர் செட் பண்றப்ப எதை முதல்ல தொடணும்

ரீஷேட்ங்கறது பிசி கேம் படத்து மேல கலர் மாதிரி எஃபெக்ட் போடற டூல். அதைப் போட்டதும் பாதி பேர் பண்றது என்னன்னா, இருக்கற எஃபெக்ட் எல்லாத்தையும் டிக் அடிச்சு சாச்சுரேஷனை, அதாவது கலரோட அடர்த்தியை, ஏத்தி விட்டுட்டு, அப்புறம் புல்லெல்லாம் பெயின்ட் டப்பா கொட்டின மாதிரி இருக்குன்னு புலம்பறது. முதல்ல கருப்பு வெள்ளை, அடுத்து சாயல், கடைசியாத்தான் சாச்சுரேஷன், இந்த வரிசைல போனா பாதி தலைவலி இல்ல.

அதுக்கு முன்னாடி விண்டோஸ்ல நைட் லைட் ஆஃப்ல இருக்கான்னு பாத்துக்கோங்க. ஸ்க்ரீனே மஞ்சளா இருக்கறப்ப கலர் பாத்து என்ன பிரயோஜனம்.

கேமுக்குள்ள ஹோம் கீ தட்டுங்க, மெனு வரும். லெவல்ஸ்ங்கற எஃபெக்டை ஆன் பண்ணுங்க, எது முழுக் கருப்பு, எது முழு வெள்ளைன்னு முடிவு பண்றது இதுதான். இங்கதான் நிறைய பேர் மாட்டுறாங்க, ஏன்னா அதோட டீஃபால்ட் கருப்புக்கு 16, வெள்ளைக்கு 235. அப்படின்னா 16க்கு கீழ இருக்கறது எல்லாம் ஒரே கருப்பு, 235க்கு மேல எல்லாம் ஒரே வெள்ளை. பெரும்பாலான பிசி கேம் வெளிச்சத்தை 0 (முழு இருட்டு) முதல் 255 (முழு வெளிச்சம்) வரைக்கும் ஒழுங்காவே அனுப்புது, அதனால டீஃபால்ட்டை அப்படியே விட்டா இருட்டு மூலைல நிக்கற எதிரி காணாம போயிடுவான். 0, 255ன்னு மாத்திட்டு அங்கேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா நகத்துங்க. அதுலயே ஹைலைட் கிளிப்பிங்னு ஒரு டிக் இருக்கு, செம ஐட்டம், டீடெயில் போற இடத்தை கலர் போட்டே காட்டும், வெளிச்சப் பக்கம் போனா சிவப்பு, இருட்டுப் பக்கம் போனா நீலம். அங்கங்க துளித்துளியா வந்தா பரவால்ல, திட்டு திட்டா வந்தா பின்னாடி வாங்க. டெஸ்க்டாப்பே வெளிறிப் போய் இருந்தா அது ரீஷேட் வேலை இல்ல, கிராஃபிக்ஸ் டிரைவர்ல அவுட்புட் ரேஞ்ச் லிமிடெட்னு இருக்கும், ஃபுல்னு மாத்துங்க.

அடுத்து சாயலுக்கு லிஃப்ட் காமா கெயின்ங்கற எஃபெக்ட். லிஃப்ட் இருட்டுக்கு, காமா நடுவுக்கு, கெயின் வெளிச்சத்துக்கு, எல்லாம் 1ல இருந்தா எதுவும் மாறாது. சாயங்கால வெயில் மாதிரி வேணும்னா கெயின்ல நீலத்தை மட்டும் 0.96 ஆக்குங்க, போதும். ஸ்லைடரை இழுத்தா ஓவரா போகும், கண்ட்ரோல் அமுக்கிட்டு கிளிக் பண்ணா நம்பரையே டைப் பண்ணலாம்.

கடைசியா சாச்சுரேஷனுக்கு வைப்ரன்ஸ், ஏற்கனவே பளிச்னு இருக்கற கலரை விட்டுட்டு மங்கலா இருக்கறதை அதிகமா தூக்கும், டீஃபால்ட் 0.15 எனக்கே கொஞ்சம் ஜாஸ்தின்னு தோணும். எஃபெக்ட் எல்லாம் மேலேர்ந்து கீழ வரிசையா ஓடும், அதனால வைப்ரன்ஸை இழுத்து மத்த ரெண்டுக்கும் கீழ போட்டுருங்க.

ஒரே சீனைப் பாத்து முடிவு பண்ணாதீங்க, பகல், ராத்திரி, குகை எல்லாம் போய் பாருங்க. கண்ணு சீக்கிரம் பழகிடும், எஃபெக்ட் ஆன் ஆஃப் பண்ண ஒரு கீ வெச்சுக்கிட்டு அப்பப்ப தட்டிப் பாருங்க. கேமோட மேப், ஹெல்த் பார் கூட கலர் மாறும், முழு படத்து மேலயும் ஓடறதால அது அப்படித்தான்.

எல்லாம் முடிஞ்சதும், எஃபெக்ட் வேகமா ஓடறதுக்கு, பெர்ஃபார்மன்ஸ் மோடை டிக் பண்ணுங்க. ஸ்லைடர் எல்லாம் மறைஞ்சுடும், பயப்படாதீங்க, திரும்ப மாத்தணும்னா டிக்கை எடுத்தா வந்துடும்.