மாலை வகுப்புப் பிள்ளைகளோடு ஏரிக்கரையில் பறவை பார்ப்பது எப்படி?

பறவை பார்ப்பது பற்றிய குறிப்புகளில் பெரும்பாலானவை "விடியற்காலையில் கிளம்புங்கள்" என்றுதான் தொடங்குகின்றன. விடியற்காலையில் என் பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படும் அவசரத்தில் இருப்பார்கள். பள்ளி விட்டு, முகம் கழுவி, எதையாவது தின்றுவிட்டு என்னிடம் வரும்போது மணி ஐந்தை நெருங்கிவிடும். ஆகவே இது மாலை நேரத்துக்கான செய்முறை. செங்கல்பட்டுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், நான்காம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரை படிக்கும் பன்னிரண்டு பேரோடு வாரம் ஒருநாள் செய்து பார்த்தது.

பெற்றோர் சம்மதம், தண்ணீர், செருப்பு எல்லாம் உங்களுக்கே தெரியும். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: பெரியவர் இருவர் வேண்டும், ஒருவர் வரிசையின் தலையில், ஒருவர் வாலில். மதகுப் பக்கம் எவருக்கும் அனுமதி இல்லை.

1. முதலில் தனியாகப் போங்கள்

பிள்ளைகளை அழைத்துப் போகப்போகும் அதே நேரத்தில் போக வேண்டும். நான் ஞாயிறு காலை போய்ப் பார்த்து, "ஆகா, எத்தனை பறவை" என்று மகிழ்ந்து திரும்பினேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

2. எந்தப் பக்கம் பார்த்து நிற்பது?

முதல் மாலை பிள்ளைகளைக் கரைமேல் நிறுத்தி ஏரியைக் காட்டினேன். சூரியன் நேர் எதிரே. தண்ணீர் கண்ணாடிச் சில்லாய் மின்னியது. அதன்மேல் கறுப்புக் கறுப்பாய்ப் புள்ளிகள். "அக்கா, எல்லாமே காக்கா" என்றான் ஒருவன். அவன் சொன்னதில் தவறே இல்லை. கால் மணி நேரத்தில் கல்லெறியத் தொடங்கிவிட்டார்கள்.

காரணம் எளிது. எங்கள் பக்கத்தில் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது. வரும் தண்ணீரைத் தடுக்க ஏரிக்கரையைக் கிழக்கே போட்டிருக்கிறார்கள். கரைமேல் நின்று தண்ணீரைப் பார்த்தால் முகம் மேற்கே இருக்கும். காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் வண்ணமெல்லாம் தெரிகிறது. மாலையில் நிழல் மட்டும்தான்.

மறுவாரம் அதே கரையில் பிள்ளைகளை ஏரிக்கு முதுகு காட்டி நிற்கவைத்தேன். கீழே ஏரித் தண்ணீர் பாயும் ஆயக்கட்டு வயல்கள். மஞ்சள் வெயில் முழுக்க அங்கேதான் விழுந்துகிடந்தது. கம்பியில் பஞ்சுருட்டான், கரிச்சான், வரப்பில் ஆள்காட்டி, மாட்டின் காலடியில் உண்ணிக்கொக்கு. வாய்க்கால் ஓரம் மண்ணாங்கட்டி போல ஒன்று அசையாமல் இருந்தது. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதைக் கட்டி என்றே சாதித்தாள். அது பறந்தது, விரித்த சிறகு பளீரென்று வெள்ளை. மடையான் கொக்கு! உட்கார்ந்தால் சேற்று நிறம், எழுந்தால் பால் நிறம். அன்று எவனும் கல்லைத் தொடவில்லை.

3. இரண்டு பேருக்கு ஒரு பறவை

"எல்லாவற்றையும் பாருங்கள்" என்றால் எதையும் பார்க்க மாட்டார்கள். இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஒரு பறவையை ஒப்படையுங்கள். பத்து நிமிடம் அது என்ன செய்கிறது என்று மட்டும் எழுத வேண்டும், பெயர் கேட்கக்கூடாது. "கம்பியிலிருந்து பறந்தது, எதையோ பிடித்தது, அதே இடத்துக்கு வந்தது, கம்பியில் அடித்தது" என்று ஒரு நோட்டில் இருந்தது. பஞ்சுருட்டானைப் பற்றி நான் வகுப்பில் இதைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது.

4. கருவிகள்

கோடு போடாத நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், படம் வரையும் கை தயங்குகிறது. பைனாகுலர் ஒன்றே ஒன்று இருந்தால் அது சண்டைக்கான கருவி. முதல் மாதம் பழைய காலண்டர் தாளைக் குழலாகச் சுருட்டிக் கொடுங்கள். பறவையைப் பார்வைக்குள் கொண்டுவரும் பழக்கம் அதிலேயே வந்துவிடும். பிறகு வாங்குவதானால் 8×42 என்று குறித்திருப்பதை, அதாவது 8 மடங்கு பெரிதாகக் காட்டுவதை, வாங்குங்கள். 10 மடங்கு பெரிதாகக் காட்டுவது சின்னக் கைகளில் ஆடிக்கொண்டே இருக்கும். பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி இலவசம்தான், நல்லதும்தான். ஆனால் அதை எடுத்தால் பிள்ளைகள் வயலை விட்டுவிட்டுக் கைப்பேசியைப் பார்க்கிறார்கள். என் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

5. கடைசிப் பத்து நிமிடம்

இப்போது ஏரிப் பக்கம் திரும்பலாம். வெளிச்சம் குறைந்தால் வண்ணம் தேவையில்லை, உருவம் போதும். அடையப் போகும் நீர்க்காகங்கள் கோணல் வரிசையாக வரும், எண்ணச் சொல்லுங்கள். முதல் நாள் என்னைக் கவிழ்த்த அதே நிழல்கள் இப்போது கணக்குப் பாடம்.

சேர்க்கை 1: கருத்துப் பகுதியில் ஒருவர், தங்கள் ஊரில் கரை வடக்கே இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். கரை எங்கிருந்தாலும் விதி ஒன்றுதான்: உங்கள் நிழல் உங்களுக்கு முன்னால் விழ வேண்டும். பிள்ளைகளிடமும் இப்படியே சொல்லுங்கள். திசை தெரியாத சின்னவனுக்கும் புரிகிறது.

சேர்க்கை 2: இருட்டிவிடுமே என்று சில தாய்மார்கள் எழுதியிருந்தார்கள். நியாயம். நவம்பர், டிசம்பரில் ஆறு மணிக்குள் சூரியன் இறங்கிவிடுகிறது. அந்த இரண்டு மாதமும் எங்களுக்கு ஏரி கிடையாது. வகுப்பு வாசல் வேப்பமரத்தடிதான். அணிலும் தவிட்டுக்குருவிக் கூட்டமும் இரண்டு மாதத்துக்குத் தாராளம்.

சேர்க்கை 3: ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வருகிறது, 2015 முதல் நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்து எண்ணிய பட்டியலை இ-பேர்டு தளத்தில் ஏற்ற வேண்டும். அந்தத் தளத்துக் கணக்கு (அக்கவுண்ட்) உங்கள் பெயரில் இருக்கட்டும். அடையாளம் தெரியாத பறவையை ஊகித்து எழுத விடாதீர்கள். சென்ற முறை எங்கள் பட்டியலில் மயில் ஏழு என்று இருந்தது. விசாரித்தால், ஒரே மயிலை ஏழு பேர் பார்த்திருக்கிறார்கள்.