ஸ்லப் டிபக்: கேர்னல் மெமரிப் பிழையைக் கையும் களவுமாகப் பிடிக்க

வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ கணினி படிக்கும் தம்பி தங்கச்சிமார் முதல் கேர்னல் மொட்யூலை (லினக்ஸின் மையமான கேர்னலுக்குள் ஏற்றும் சிறு நிரலை) எழுதியதும் வழக்கமாகக் கேட்பது: "மொட்யூல் நல்லா ஏறுது, கொஞ்ச நேரத்தில சம்பந்தமே இல்லாத இடத்தில கேர்னல் விழுது. ஏன்?" பெரும்பாலும் உங்கள் மொட்யூல் தனக்குக் கிடைத்த மெமரிக்கு வெளியே எழுதியிருக்கும், அல்லது விடுவித்த மெமரியை மறுபடி தொட்டிருக்கும். அடி வாங்குவது பக்கத்திலிருந்த அப்பாவி.

லினக்ஸ் கேர்னலுக்குள் சிறு துண்டு மெமரியைப் பங்கிடுவது ஸ்லப் என்ற ஒதுக்கி. 2007இல் 2.6.22 பதிப்பில் வந்தது. 'ஸ்லாப்' என்ற பழைய ஒதுக்கி 2024இல் 6.8 பதிப்போடு நீக்கப்பட்டதால் இப்போது இது மட்டும்தான். பிழை பிடிக்கும் வசதி இதற்குள்ளேயே இருக்கிறது, ஆனால் தூங்குகிறது. அதை எழுப்புவதுதான் நம் வேலை.

படி 1: வேர்ச்சுவல் பொக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினி) உபுண்டு போடுங்கள், 2 ஜிபி ரேம் கொடுங்கள், ஒரு ஸ்னப்ஷொட் எடுத்து வையுங்கள். சொந்த லப்டொப்பில் நேரடியாகச் செய்யாதீர்கள். மாரி காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில், விழுந்த கேர்னலும் நின்ற கரண்ட்டும் சேர்ந்தால் உங்கள் அசைன்மென்ட் போய்விடும்.

படி 2: வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பூட் கோப்புறையில் 'கொன்ஃபிக்' என்று தொடங்கும் கோப்பைத் திறந்து, 'கொன்ஃபிக்_ஸ்லப்_டிபக்' என்ற வரியைத் தேடுங்கள். (கட்டளைகளை ஒலிப்பில் தருகிறேன், ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.) அதற்கு நேரே 'ஒய்' இருந்தால் போதும். உபுண்டுவில் இருக்கும். கேர்னல் மூலத்தை இறக்கிக் கம்பைல் செய்யத் தேவையில்லை, டேட்டா கார்ட்டும் தப்பும்.

படி 3: கேர்னலை ஏற்றிவிடும் கிரப்பின் அமைப்புகள் இருக்கும் 'ஈடிசி/டிஃபோல்ட்/கிரப்' கோப்பில், 'சிஎம்டிலைன்_லினக்ஸ்_டிஃபோல்ட்' வரியின் மேற்கோள் குறிக்குள் 'ஸ்லப்_டிபக்' என்று எழுதி, சமக்குறி போட்டு, பெரிய எழுத்தில் எஃப், இசட், பி, யு என்ற நான்கையும் இடைவெளி இல்லாமல் சேருங்கள். பிறகு 'சுடோ அப்டேட்-கிரப்', அதன்பின் ரீபூட்.

அந்த நான்கு எழுத்துகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இசட், ஒவ்வொரு துண்டுக்கும் ஓரத்தில் சிவப்பு வலயம் போடும். நம் வட்டையில் வயலுக்கு வயல் வரம்பு இருப்பது போல. துண்டு பயன்பாட்டில் இருக்கும்போது அந்த வரம்பு முழுக்க 'சிசி' என்ற பைட்டும், விடுவித்த பிறகு 'பிபி' என்ற பைட்டும் நிரம்பியிருக்கும். பி, விடுவித்த துண்டுக்குள் '6பி' என்ற நஞ்சைத் தடவும். கடைசி பைட் மட்டும் 'ஏ5'. யு, துண்டை யார் வாங்கினார், யார் விடுவித்தார் என்று குறித்து வைக்கும். எஃப்தான் சோதிக்கும் ஆள். பலர் இசட்டையும் பியையும் மட்டும் போட்டுவிட்டு எஃப்பை விடுகிறார்கள். அப்போது வரம்பு இருக்கும், அதை உடைத்தது யார் என்று பார்க்க ஆள் இருக்காது. மெமரி வீணானதுதான் மிச்சம்.

படி 4: ஏறிவிட்டதா என்று உறுதி செய்யுங்கள். 'ப்ரொக்/சிஎம்டிலைன்' கோப்பில் நீங்கள் எழுதியது தெரிய வேண்டும். 'சிஸ்/கேர்னல்/ஸ்லாப்' கோப்புறைக்குள் ஏதாவது ஒரு கேஷை (ஒரே வகைத் துண்டுகளின் தொகுப்பை) திறந்தால் 'பொய்சன்', 'ரெட்_சோன்' கோப்புகளில் 1 இருக்க வேண்டும். பழைய விளக்கங்கள் சில, இந்தக் கோப்புகளில் நேரே 1 எழுதச் சொல்லும். 2020இல் வந்த 5.9 பதிப்பிலிருந்து அவை வாசிக்க மட்டும்தான். எழுதப் போனால் மறுத்துவிடும், உங்கள் சிஸ்டத்தில் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

படி 5: வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள். இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. பிழையே வரவில்லையென்றால் கோட் சுத்தமா, காவலாளி தூங்குகிறானா என்று வேறு எப்படித் தெரியும்? ஒரு சின்ன மொட்யூலில் மெமரி வாங்கும் ஃபங்ஷனான கேமலொக்கால் 64 பைட் வாங்கி, சுட்டெண் 64இல், அதாவது அறுபத்தைந்தாவது பைட்டில், பெரிய 'ஏ' எழுத்தை எழுதி, கேஃப்ரீயால் விடுவியுங்கள். சுட்டெண்ணை 'வொலட்டைல்' மாறியில் வைத்தால் கம்பைலர் முந்திக்கொண்டு எச்சரிக்காது.

இனி கேர்னலின் செய்திகளைக் காட்டும் 'சுடோ டிமெஸ்ஜி'. 'பக்' என்று தொடங்கி, கேஷின் பெயரைச் சொல்லி, 'ரெட்சோன் ஓவர்ரிட்டன்' என்று ஒரு வரி வரும். அதன் கீழே, 'சிசி' இருக்க வேண்டிய இடத்தில் '41' இருக்கிறது என்று எழுதியிருக்கும். 41 என்பது 'ஏ' எழுத்தின் பதினறும எண். நீங்கள் எழுதிய எழுத்தே சாட்சி சொல்கிறது! யு போட்டதால் மெமரியை வாங்கிய ஃபங்ஷனின் பெயரும் அங்கேயே இருக்கும். இன்னொரு நாள் ஏதோ ஒரு கேர்னல் விபத்தில் '6பி6பி6பி' என்று நீளமான முகவரியைக் கண்டால், யோசிக்காமல் விடுவித்த மெமரியைத் தேடுங்கள்.

படி 6: எல்லாக் கேஷிலும் டிபக் ஓடினால் சிஸ்டம் நத்தையாக நகரும். சந்தேகம் ஒரு கேஷில் மட்டும் என்றால், எழுத்துகளுக்குப் பின் கமா போட்டு அந்தக் கேஷின் பெயரைச் சேருங்கள். பெயர் சரியாகத் தெரியாவிட்டால் பெயரின் முன்பாதியும் அதன் கடைசியில் ஒரு நட்சத்திரக் குறியும் போதும். புதிய கேர்னல்களில் 'கேமலொக்-64' என்ற பெயருக்கு நடுவில் 'ஆர்என்டி' என்றும் ஓர் எண்ணும் சொருகப்பட்டிருக்கலாம், ஆகவே நட்சத்திரம்தான் பாதுகாப்பு.

வேலை முடிந்ததும் கிரப் வரியில் சேர்த்ததை அழித்து, மறுபடி 'அப்டேட்-கிரப்' கொடுத்து ரீபூட் செய்யுங்கள். டிபக் ஓடிக்கொண்டிருக்கும்போது வேக அளவீடு எடுத்து ரிப்போர்ட்டில் போட்டால் விரிவுரையாளர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது.